ராயகிரியிலிருந்து எழுத என்ன இருக்கிறது?

எழுத வருகிறது, எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை. சங்கரன்கோவில், சிவகிரி, ராயகிரிப் பக்கத்து இளைஞர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் ஆயிரம் விஷயம் கண்ணில் படும், இங்கே பஸ் நிறுத்தத்தையும் டீக்கடையையும் குளத்தங்கரையையும் விட்டால் வேறென்ன என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் இதே மண்ணில் இருந்தவர்கள் இதற்கு ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருள் எங்கிருந்து கிடைத்தது, இன்று நமக்கு எப்படிக் கிடைக்கும் என்பதை எளிதாகச் சொல்ல முயல்கிறேன்.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். 1964-இல் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வெளியானது. தாலாட்டு, பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு, காதல், கல்யாணம், வயல்வேலை, ஒப்பாரி என்று மனித வாழ்வின் எல்லாப் பருவத்துக்கும் பாட்டு உள்ள பெரிய தொகுப்பு அது. பாடல்களின் அடியில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும். வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள், பாட்டைச் சொல்லி உதவியவர், சேகரித்தவர், இடம். அப்படிப் பல பாடல்களின் கீழே சேகரித்தவர் எஸ்.எம். கார்க்கி என்றும், இடம் சிவகிரி என்றும் அச்சாகியிருக்கிறது. ராயகிரி இன்று தென்காசி மாவட்டத்துச் சிவகிரி தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி. அதாவது, தமிழ் நாட்டார் வழக்காற்றியலின் அடிப்படை நூல்களில் ஒன்றுக்கான பொருள், ராயகிரிக்காரர்கள் சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் போய்வரும் தூரத்தில் கிடைத்திருக்கிறது.

வானமாமலை நாங்குநேரியில் 1917-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர், பல்கலைக்கழகத்து நாற்காலியில் இருந்து எழுதியவர் அல்லர். 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற இதழை நடத்தத் தொடங்கினார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள், மாணவர்கள், இயக்கத் தோழர்கள். தங்கள் ஊரில் யார் என்ன பாடுகிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பினார்கள். கட்டபொம்மன் கதைப்பாடலும் முத்துப்பட்டன் கதையும் கான் சாகிபு சண்டையும் நல்ல பதிப்பாக நமக்குக் கிடைத்ததற்கு அவருடைய உழைப்பு காரணம்.

எழுதப் பொருள் தேடுகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சேகரிப்பாளர்கள் யாரும் தனியே உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்து யோசித்துப் பொருள் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார்கள். கேட்டதை அப்படியே எழுதினார்கள். யார் சொன்னது என்பதையும் எழுதினார்கள். நம்மில் பெரும்பாலோர்க்குப் பொருள் பஞ்சம் வருவதே, யோசனை முதலில், விசாரிப்பு பிறகு என்று வரிசையை மாற்றிக்கொள்வதால்தான். தலைக்குள் இருப்பது ஐந்தாறு கட்டுரைக்குள் தீர்ந்துவிடும். ஊர் தீராது.

சரி, கேட்பது என்றால் எதைக் கேட்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'எங்கள் ஊர்க் குளம்' என்று ஒருவர் தலைப்பு வைத்துக்கொள்கிறார். நான்கு வரி எழுதியதும் நின்றுவிடுகிறது. முன்பு நிறைந்திருந்தது, இப்போது வறண்டிருக்கிறது, நாம் காப்பாற்ற வேண்டும். அதற்கு மேல் என்ன எழுத முடியும்? குளம் என்பது வெறும் தலைப்பு. அதைக் கேள்வியாக மாற்றினால்தான் பொருள் ஆகும். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்த ஓடையில் இருந்து வருகிறது? மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்த ஊர்க் குளத்துக்குப் போகிறது? எத்தனை மடை? மடையைத் திறந்து அடைக்கும் வேலையை முன்பு யார் பார்த்தார்கள், அவருக்கு அறுப்பின்போது எவ்வளவு நெல் கொடுத்தார்கள், அந்த வழக்கம் எந்த வருஷத்தோடு நின்றது, நின்ற பிறகு கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? இதில் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரிடம் போனாலும் ஒரு கட்டுரை கிடைக்கும். இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொன்னால் இன்னும் நல்ல கட்டுரை கிடைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கிழக்குப் பக்கம் முழுக்க ஒரு குளத்து உபரி அடுத்த குளத்துக்குப் போகும்படி சங்கிலியாக அமைந்த பாசனம். ஆகவே ஒரு ஊர் மறுகாலைப் பற்றி எழுதப் போனால் பக்கத்து ஊர்ச் சண்டையும் வரும், சம்பந்தமும் வரும்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எண்பது வயது ஆச்சியிடம் போய், "உங்க வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்க" என்றால் அவர் சிரித்துவிட்டு, "என்னத்தய்யா சொல்ல, கஷ்டப்பட்டோம், வளந்தோம்" என்று முடித்துவிடுவார். "உங்க கல்யாணத்துல எத்தனை நாள் சாப்பாடு போட்டாங்க ஆச்சி? அரிசி யாரு வீட்டு அரிசி? பாத்திரம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது. பெரிய கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும், சின்னக் கேள்விக்குத்தான் ஆள், தேதி, விலை, சண்டை, சிரிப்பு எல்லாம் வரும்.

இடைசெவலும் பாளையங்கோட்டையும்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணன் அங்கே பிறந்த விவசாயி. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 1950-களின் கடைசியில்தான் அவர் கதைகள் பத்திரிகையில் வரத் தொடங்கின. 'கதவு' என்ற அவருடைய சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏழை வீட்டின் பழைய கதவு. பிள்ளைகள் அதில் ஏறி ஆடி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவ்வளவுதான் பொருள். வறுமையைப் பற்றியும் வரிக் கொடுமையைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கதவு இல்லாத வீட்டில் பனிக்காலத்து இரவு எப்படி இருக்கும் என்பதை அவர் எழுதினார், அது நிலைத்துவிட்டது. நம் வீட்டில் என்னென்ன பொருள் எந்தக் காரணத்துக்காக வெளியே போயிருக்கின்றன, அடகுக்குப் போன நகையா, விற்ற மாடா, பிரித்துக் கொடுத்த உரலா என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுத இருக்கிறது.

கி.ரா.வின் இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. கரிசல் வட்டாரத்தில் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி 1982-இல் ஒரு அகராதியே கொண்டுவந்தார். தமிழில் வட்டார வழக்குக்கு என்று அப்படி ஒரு அகராதி அதற்கு முன் இல்லை. தனியாள் ஒருவர், நண்பர்களின் துணையோடு, கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. ஒரு சொல்லைக் கேட்கப் போனால் அந்தச் சொல் புழங்கும் வேலை வரும், அந்த வேலை செய்த ஆள் வருவார், அவர் கதை வரும். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' முழுக்க இப்படி வந்ததுதான். பிறகு 1989-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறக் கதைகளுக்காக வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது. 2021 மே 17-ஆம் தேதி அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள். சொந்த ஊரை எழுதினால் உலகம் கேட்குமா என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதே இடைசெவலில் பிறந்தவர்தான் கு. அழகிரிசாமியும். ஒரே ஊரில் வளர்ந்த இரண்டு நண்பர்கள் தமிழ்ச் சிறுகதையின் முதல் வரிசையில் போய் நின்றார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களும் இலக்கியமாகிவிட்டன. நல்ல எழுத்தாளருக்கு நல்ல ஊர் வாய்த்தது என்று சொல்வதைவிட, இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். பத்து வாசகர்கள் பாராட்டுவதைவிட, 'அதைச் சொன்னியே, அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கும் ஒரு நண்பர் பொருள் தேடுகிறவருக்குப் பெரிய உதவி.

அடுத்து தொ. பரமசிவன். பாளையங்கோட்டைக்காரர், 1950-இல் பிறந்து 2020 டிசம்பரில் மறைந்தவர். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். 1997-இல் வந்த 'அறியப்படாத தமிழகம்' சின்ன நூல். அதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள்: உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை, உடை, தாலி. நம் வீட்டு அடுப்படியிலும் திண்ணையிலும் கிடப்பவைதான். பல்லாங்குழியைப் பற்றி அவர் எழுதியது எனக்கு எப்போதும் வியப்பு. இரண்டு பேரும் சமமான காய்களோடு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஆட ஆட ஒருவர் கை நிறைகிறது, மற்றவர் குழிகள் காலியாகின்றன. எல்லோருக்கும் பொதுவாக இருந்த சொத்து தனி மனிதர் கையில் போய்ச் சேர்ந்த வரலாறு இந்த ஆட்டத்துக்குள் இருக்கிறதே என்று அவர் பார்க்கிறார். ஒரு விளையாட்டுப் பலகையில் இருந்து தனிச்சொத்துரிமையின் தோற்றத்துக்குப் போய்விடுகிறார், அதுவும் சில பக்கங்களுக்குள்.

கி.ரா. வழியும் தொ.ப. வழியும் ஒன்றல்ல. கி.ரா. 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்கிறவர். தொ.ப. 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்கிறவர். கதை மனம் உள்ளவர்கள் முதல் கேள்வியையும், ஆராயும் மனம் உள்ளவர்கள் இரண்டாவதையும் பிடித்துக்கொள்ளலாம். ஒரே பொருளை இரண்டு கேள்வியாலும் தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. தெரு முனையில் இருக்கும் மாவு மில்லை எடுங்கள். அது வந்த வருஷம் எது, அதற்கு முன் யார் வீட்டில் உரல் இருந்தது, மில் வந்த பிறகு அந்த வேலையைச் செய்து கூலி வாங்கிய பெண்கள் எங்கே போனார்கள்? ஏன் இன்னமும் சிலவற்றை மட்டும் மில்லில் கொடுக்காமல் வீட்டில் இடிக்கிறார்கள்?

குற்றாலத்துச் சாரலும் ராயகிரிக் காற்றும்

தென்காசி மாவட்டம் என்றாலே எழுதுகிறவர்கள் குற்றாலத்துக்கு ஓடிவிடுவார்கள். பேரருவி, ஐந்தருவி, சீசன், சாரல், மிளகாய் பஜ்ஜி. அருவியை யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், வந்து குளித்துவிட்டுப் போகிறவர் கண்ணால் எழுதுவதுதான். ராயகிரியில் இருப்பவருக்கு வேறு கண் இருக்கிறது. ஆடி மாதத்தில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

சாரல் அங்கே, காற்று இங்கே என்பதற்குக் காரணம் எளிதானது. ஜூன் மாதம் அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மலை தடுக்கிறது. மழையின் பெரும்பங்கு கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருப்பதால் அந்த இடைவெளி வழியாகக் காற்றும் ஈரமும் கிழக்கே நுழைகின்றன. அதுதான் குற்றாலத்துச் சாரல், தென்காசிக் குளிர். கணவாயை விட்டுத் தள்ளி வந்தால் ஈரம் தீர்ந்து காற்று மட்டும் மிஞ்சும். சுரண்டை, கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ராயகிரி போல வடக்கே இருக்கும் ஊர்களுக்கு நல்ல மழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. குளம் பெருகுவதும் அப்போதுதான்.

இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துகொண்டால் பத்துக் கட்டுரைக்குப் பொருள் இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் குடையோடும் மறுபக்கம் கண்ணில் மண் விழாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டும் நடக்கிறார்கள். காற்றாலைக்கு நிலம் கொடுத்த குடும்பம் அந்தப் பணத்தில் என்ன செய்தது? வாழை போட்டவர் ஆடிக்காற்றுக்கு என்ன முட்டுக் கொடுக்கிறார்? சீசனுக்குக் குற்றாலத்துக்குக் கடை போடப் போகிறவர்கள் மற்ற மாதங்களில் என்ன வேலை செய்கிறார்கள்?

குற்றாலத்தையே எழுதினாலும் திரிகூட ராசப்பக் கவிராயரைப் போல எழுத வேண்டும். தென்காசிக்கு அருகே மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டு. அவருடைய 'குற்றாலக் குறவஞ்சி'யில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். எந்தப் பறவை வருகிறது, எந்தக் குளத்தில், எந்த வயலில் இறங்குகிறது என்று உள்ளூர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார் கவிராயர். அந்தக் கால நீர்நிலைகளின் பெயர்ப் பட்டியலே அந்த நூலுக்குள் கிடக்கிறது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இதற்காகப் புலவருக்கு நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். பெயர் சொல்லி எழுதுவதுதான் இங்கே பாடம். 'பறவைகள் பறந்தன' என்று எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த ஊரும் அதில் தெரியாது.

சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடையில் பாடுவதற்காக ரெட்டியார் இயற்றியதே காவடிச்சிந்து. பொருள் முருகன்தான், பழைய பொருள். வடிவம் வழிநடை நடக்கிறவர்களின் கால் தாளத்தில் இருந்து வந்தது. 1891-இல், மிக இளம் வயதிலேயே அவர் போய்விட்டார். சிந்து மட்டும் இன்றும் ஆடுகிறது. ஆகவே பொருள் கிடைத்தும் எழுத்து நகரவில்லை என்றால் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனைப் பற்றியும் அருவியைப் பற்றியும் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். சொல்ல வந்ததைக் கடிதமாக எழுதும்போது, படிக்கப் போகிற ஆள் கண்முன் இருப்பதால், சொல் தானே வந்துவிடுகிறது. பாரதியார் சுதேசமித்திரனில் 'தராசு' என்று ஒரு பகுதி எழுதினார். ஒரு கடை, அதில் ஒரு தராசு. வருகிறவர்கள் எதையாவது கேட்பார்கள், தராசு எடை போட்டுப் பதில் சொல்லும். அரசியல், ஜாதி, கவிதை எல்லாவற்றையும் அந்த ஒரு கடைக்குள் வைத்துப் பேசிவிட்டார். அந்தப் பாரதியும் 1918 கடைசியில் சிறையில் இருந்து வெளிவந்த பிறகு செல்லம்மாளின் ஊரான கடையத்தில் இருந்தவர்தான். கடையம் இன்று நம் மாவட்டம்.

வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மிடம் குறைவு, எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. இந்தப் பக்கத்தில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறி. கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி. புளியங்குடியில் எலுமிச்சைச் சந்தை. இவற்றில் எதையும் கவனித்து, ஒரு நாள் வேலை காலையில் எதில் தொடங்கி இரவு எதில் முடிகிறது என்று முழுதாக எழுதினால் போதும். பீடி இலையை நனைப்பது எப்போது, வெட்டுவது எப்படி, கடையில் கழித்துப் போட்டால் நஷ்டம் யாருக்கு, பேசிக்கொண்டே சுற்றும்போது என்ன பேசுகிறார்கள்? எலுமிச்சை விலை சந்தையில் காலை எத்தனை மணிக்கு முடிவாகிறது, முடிவு செய்வது யார்? இதெல்லாம் தினமும் பார்ப்பதுதானே என்று தோன்றும். தினமும் பார்ப்பதால்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. மளிகைக் கடை வைக்கவும் கூலிக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் போன ஊர்க்காரர்களிடம் தொலைபேசியில் கேட்டாலே ஒரு தொடருக்குப் பொருள் இருக்கிறது.

ஊரில் யாருக்கும் தெரியாத பழைய செய்திக்குக் காகிதங்களிடம் போக வேண்டும். கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். எச்.ஆர். பேட் தொகுத்த மாவட்ட கெசட்டியர் 1917-இல் வந்தது. பாளையங்கள், ஜமீன்கள், பாசனம், பஞ்சம் என்று நம் பக்கத்துச் செய்திகள் அவற்றில் நிறைய. இரண்டும் ஆங்கிலேய ஆட்சியின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசமாகவே கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே படிக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய பத்திரங்கள், தீர்வை ரசீதுகள், கல்யாண அழைப்பிதழ்கள், மொய் நோட்டுகள் இவையும் ஆவணங்கள்தான். ஐம்பது வருஷத்து மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் ஊரின் உறவுக் கணக்கு முழுக்க அதில் இருக்கும்.

கல்வெட்டையும் விட வேண்டாம். தென்காசிக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கினான். அங்கே அவன் வெட்டி வைத்த பாடல்களில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான் அரசன். அந்த ராஜகோபுரம் சிதைந்து பல காலம் மொட்டையாக நின்றது. புதிதாக எழும்பி 1990-இல் குடமுழுக்கு நடந்தது. கல்லில் இருக்கும் வேண்டுகோளுக்கும் 1990-க்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தத் திருப்பணியில் கல் சுமந்தவர்கள், சுதை வேலை செய்தவர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் நம் மாவட்டத்தில் இன்னமும் இருப்பார்கள். போய்க் கேட்க ஆள்தான் வேண்டும்.

சங்கரன்கோவில் ஆடித்தபசை வருஷா வருஷம் எழுதுகிறார்கள். கோமதியம்மன் தவம், சங்கரநாராயணர் காட்சி, புற்றுமண். கோயிலின் பெருமை தெரிந்ததுதான். ராயகிரியில் இருந்து அந்தத் தபசுக்கு முன்பு எப்படிப் போனார்கள், வழியில் எங்கே தங்கினார்கள், கட்டுச்சோறு என்ன, திரும்பும்போது பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வந்தார்கள் என்பது யார் எழுத்திலும் இல்லை. அதை உங்களால்தான் எழுத முடியும்.

கேட்டது மறக்கும். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வேண்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம், ஆனால் சொல்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். வானமாமலையின் 1964 தொகுப்பில் பார்த்த முறையைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. சொன்னவர் பெயர், ஊர், தேதி, அவர் பயன்படுத்திய சொல்லும் அதன் பொருளும். இதோடு, சொன்னவரின் அன்றைய தொழிலையும் வயதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் சொன்ன வாக்கியத்தைத் திருத்தி எழுதாதீர்கள். இலக்கணப் பிழை என்று நீங்கள் நினைத்துத் திருத்தும் இடத்தில்தான் பெரும்பாலும் அந்த ஊர் இருக்கும். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள். அன்று சாதாரணமாகத் தோன்றிய இரண்டு குறிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கட்டுரையாகும்.

இரண்டு எச்சரிக்கை. ஊர் வரலாறு எழுதப் போகிறவர்கள் பலர் சாதிப் பெருமை எழுதுவதில் போய் முடிகிறார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் வெள்ளையரை எதிர்த்தது நம் மாவட்டத்தின் பெரிய வரலாறு. அதை எழுதும்போதுகூட, கோட்டைக்குள் இருந்த தலைவனோடு கோட்டைச் சுவரைக் கட்டியவர்களையும் அதைக் காத்து நின்று செத்தவர்களையும் கேட்டு எழுதினால் எழுத்து நேர்மையாக இருக்கும். ஒரு தெருவில் மட்டும் கேட்டு எழுதியதை ஊர் வரலாறு என்று சொல்லக் கூடாது. மேலத்தெருவும் கீழத்தெருவும் காலனியும் சேர்ந்ததுதான் ஊர். குளத்து மீன் ஏலத்தைப் பற்றி ஒரு தெருவில் சொல்வது ஒன்று, இன்னொரு தெருவில் சொல்வது வேறொன்று. இரண்டையும் எழுத வேண்டும்.

மற்றது, மனிதர்களின் மானம். நம்பிச் சொன்ன குடும்பச் சங்கதியை, கடன் கதையை, ஓடிப்போன கல்யாணத்தைப் பெயர் போட்டு எழுதிவிட்டுப் பொருள் கிடைத்தது என்று மகிழ்வது அநியாயம். நகரத்தில் யாரும் யாரையும் அறியார். ராயகிரியில் பெயரை மாற்றினாலும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவர் சம்மதித்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் பொருள் குறைந்துபோகாது.

இந்த வாரமே உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் ஒருவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் செய்த வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள், வேறெதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவரே சொல்வார், விட்டுப்போனதையும் சொல்வார், அடுத்த கட்டுரைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லி அனுப்புவார். திருத்திய படி ஒன்றை அவர் வீட்டிலும், இன்னொன்றை உங்கள் ஊர் நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.